தேசிமரத்தடி உப்பு

உப்பில்லாத சோற்றைத் தள்ளி வைப்பதில் மஹ்ரூபுக்குப் பல வழிகள் இருந்தன. சில நாட்களில் சோற்றுப் பீங்கான் தட்டைக் கண்டதுமே வயிற்றைத் தடவிக்கொண்டு, "காலையில குடிச்ச டீயே இன்னம் செமிக்கல்ல" என்பார். சில நாட்களில் இரண்டு பிடி தின்றுவிட்டு, அடுத்த பிடியைக் கையில் வைத்தபடி டிவி பார்ப்பார். சோறு விரல்களில் காய்ந்து ஒட்டிப்போகும். மற்ற நாட்களில் ஒரு வார்த்தையும் பேசாமல், பீங்கானை ஒற்றை விரலால் மேசையின் மறு ஓரம்வரை மெல்ல நகர்த்துவார். மனைவி றலியாவுக்கு இந்தக் கடைசி வழிதான் பொறுக்காது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். விரலுக்கு என்ன பதில் சொல்வது?

மடவளை பஸாரிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. மஹ்ரூப் பாடசாலைப் பிள்ளைகளைக் கண்டிக்கு ஏற்றி இறக்கும் வேன் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது என்று தெரிந்த பிறகு வேனை விற்றாயிற்று. மகள் ஷஹ்மா குண்டசாலையில் புருஷன் வீட்டில். மகன் ரிஸ்மி கட்டார் நாட்டில். வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர். வேலை செய்கிற ஆள் என்று பார்த்தால் ஒன்று. அந்த ஒன்றுக்கு ஐம்பத்தாறு வயது, வலது தோளைத் தூக்க முடியாது, முழங்கால் படியில் இறங்கும்போது நறநறவென்று பேசும்.

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னது தை மாதத்தில். குறைக்கச் சொல்லவில்லை, நிறுத்தத்தான் சொன்னார். இன்னும் கொஞ்ச நாளில் ரத்தம் கழுவுகிற மெஷினில் போட வேண்டிவரும், அதைத் தாங்குவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், ஆகவே சாப்பாடு குறையவே கூடாது என்றும் சொன்னார். உப்பே இருக்கக் கூடாது, சாப்பாடு குறையவும் கூடாது. டாக்டர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த இரண்டையும் சேர்த்து வைத்து அடுப்பில் ஏற்ற வேண்டியவள் றலியா.

மஹ்ரூப் சாதாரண உப்புத்தின்னி இல்லை. முப்பது வருடமாக அவருடைய சோற்றின் ஓரத்தில் உப்பில் ஊறிய தேசிக்காய், அதாவது எலுமிச்சை, ஒரு துண்டு இல்லாத நாள் கிடையாது. கறி எத்தனை இருந்தாலும் விரலை முதலில் அதில்தான் வைப்பார். அதைப் போட்டுப் பழக்கியவளும் றலியாதான்.

அந்தத் தேசிக்காய் எல்லாம் வந்தது சமையலறைக் கதவுக்கு வெளியே நின்ற மரத்திலிருந்து. அது யாரும் நட்ட மரமல்ல. அவள் கல்யாணம் முடித்து வத்தேகமவிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த வருடம், அரிசி கழுவிய தண்ணீரும் பிழிந்த தோலும் கொட்டுகிற இடத்தில் தானாக முளைத்தது. மாமியார் ஆஸியா உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "குசினி வாசல்ல முள் மரம் ஈக்கப்படாது. புடுங்கிப் போடு" என்றார். "நாளைக்கிப் புடுங்குறன் மாமி" என்றாள் றலியா. அந்த நாளை வருவதற்குள் ஷஹ்மா பிறந்து, ரிஸ்மி பிறந்து, மரம் ஆளுயரத்துக்கு வளர்ந்து முதல் பூவும் பூத்துவிட்டது. காய்த்த மரத்தைப் பிடுங்கச் சொல்ல ஆஸியா உம்மாவுக்கும் வாய் வரவில்லை.

ஆனால் காய்க்கத் தொடங்கியதும் அவர் ஒரு சட்டம் போட்டார். மாதத்தின் அந்த நாட்களில் பெண்பிள்ளை கை மரத்தில் படக்கூடாது, பட்டால் பட்டுப்போகும். ஆகவே அந்த நாட்களில் றலியா, "மாமி, ரெண்டு தேசிக்கா ஆஞ்சு தாங்க" என்று கேட்க வேண்டும். முற்றத்தில் மாமனார் இருப்பார், மச்சான்மார் இருப்பார்கள், சில நேரம் பால்காரரும் நிற்பார். அவள் கேட்டால் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். மூன்றாவது முறை அவள் உண்டானபோது, ஒரு மாதம் முழுவதும் அவளே பறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த ஆஸியா உம்மா, அவள் சொல்வதற்கு முன்பே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் றலியா மரத்தின் பக்கம் போகவேயில்லை. போகாததற்கும் வீட்டில் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். மாமியார் மௌத்தான பிறகு அந்தச் சட்டத்தையும் அவரோடு சேர்த்து அடக்கிவிட்டு, எல்லா நாளும் அவளே பறித்தாள். மரம் ஒன்றும் பட்டுப்போகவில்லை.

மரத்தை எப்படிக் காய்க்க வைப்பது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். மழை விட்டதும் தண்ணீரை நிறுத்திவிடுவாள். அடிமண்ணைக் கிளறி வேரில் வெயில் படவிடுவாள். இலை சுருண்டு மரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரு மழை விழுந்தால் போதும், கிளை தெரியாமல் பூத்துத் தள்ளும். பச்சைக்காய் சம்பலுக்கு. மஞ்சள் திரும்பியது நோன்பு திறக்கிற சர்பத்துக்கு. தானாக விழுந்த பழம்தான் உப்பிடுவதற்கு; பறித்த காயைவிட விழுந்த பழத்தில்தான் தோல் மெலிந்து உப்பு நன்றாக இறங்கும். நாலாகக் கீறி, அடி பிரியாமல் விரித்து, கல்லுப்பை அடைத்துச் சாடியில் போட்டுக் குலுக்கி, பிறகு சுளகில் பரப்பி வெயிலில் காயவைத்து, மாலையில் திரும்பவும் சாடிக்குள். தோல் கறுத்து, சாறு தேனைப் போலத் தடிக்கும்வரை இதே வேலை. கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் புரியாணிக்கு ஊறுகாய் கேட்டு ஒழுங்கைக்கு வருவார்கள். "மஹ்ரூப் நானா வீட்டுத் தேசிக்கா" என்றுதான் அதற்குப் பெயர். நானா அதில் ஒரு காயைக்கூடக் கீறியதில்லை.

டாக்டர் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே றலியா சாடிகளை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினாள். கண்ணில் பட்டால் மனுஷன் விடமாட்டார். ஊறிய காய்களை ஒரு சட்டியில் போட்டு, மேல் வீட்டில் இருந்த பேச்சியம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பேச்சியம்மாவின் குடும்பம் ஹேவாஹெட்ட தோட்டத்திலிருந்து இறங்கி வந்தது. புருஷன் இருளப்பன் த்ரீவீலர் ஓட்டுகிறான். அவர்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே உப்பு ஒத்துக்கொள்ளும்.

மிஞ்சியது சாடிகளின் அடியில் நின்ற உப்புத்தண்ணீர். சட்டி நிறையக் கல்லுப்பும் இருந்தது. இதை எங்கே கொட்டுவது? தின்கிற பொருள் பட்ட தண்ணீரைக் சாக்கடைக் காணுக்குள் ஊற்றக் கூடாது, கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது, வீட்டின் பரக்கத்தும் விருத்தியும் அதோடு போய்விடும் என்று அவளுடைய உம்மா வீட்டில் பழக்கியிருந்தார்கள். மீன் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், பீங்கானில் மிஞ்சிய நாலு சோறு எல்லாம் இத்தனை வருடமாகப் போன இடம் தேசிமரத்தடிதான். கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்தாள். சாடிகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். பிஸ்மி சொல்லி எல்லாவற்றையும் மரத்தைச் சுற்றி ஊற்றினாள். ஊற்றும்போது அவள் நினைத்தது உப்பைப் பற்றியல்ல. இனி இந்த மனுஷன் எதைத் தின்பார் என்பதைப் பற்றி.

அவர் எதையும் தின்னவில்லை. அப்படியே ஒரு வாரம் போனது. கிளினிக்கில் நிறை பார்க்கிற நர்ஸ் மிஸ்தான் ஒரு வழி சொன்னாள். "உப்புக்குப் பதிலா சோத்துல கொஞ்சம் தேசிக்காப் புளி விட்டுக் குடுங்க, நாக்கு ஏமாந்துபோகும்." வீட்டுக்கு வந்து, பருப்பில் ஒரு பச்சைக்காயைப் பிழிந்து, அடுப்பிலிருந்து இறக்கி ஆவி பறக்கப் பறக்கக் கொடுத்தாள். மஹ்ரூப் ஒரு பிடி வைத்தார். முகம் சுளித்தார். இன்னொரு பிடி வைத்தார்.

"என்ன போட்டீக்கிய?"

"தேசிக்கா."

"பரவால்ல" என்றார்.

அவருடைய வாயில் 'பரவால்ல' என்பது பெரிய சொல். றலியா திரும்பி நின்று அடுப்பைத் துடைத்தாள். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து மூன்று நேரமும் மரத்திலிருந்து பறித்த காய் அப்போதைக்கப்போது பிழிந்து போயிற்று. புளி இருந்தால் பீங்கான் காலியாகும். இல்லாவிட்டால் விரல் வரும். மெஷினில் போடுகிற நாள்வரை அவரைத் தின்ன வைத்துவிட வேண்டும், அதற்கு இந்த மரம் வேண்டும். றலியாவின் மனதில் வேறு கணக்கு எதுவும் இல்லை.

மாசி மாதம் மழை ஒரு சொட்டு இல்லை. குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிடும். மரத்தின் இலை நுனிகள் நெருப்பில் வாட்டியதுபோல் பழுத்துக் கருகத் தொடங்கியபோது, வழக்கமான கோடைச் சுருட்டல்தான் என்று அவள் விட்டுவிட்டாள். பிறகு இலை விழுந்தது. பச்சை இலையும் விழுந்தது. காலையில் கூட்டினால் மத்தியானம் திரும்பவும் கூட்ட வேண்டும். காம்பு வாடி, பிஞ்சும் பூவும் ஒன்றாகக் கொட்டின. நின்ற காய்கள் கிழவிகளின் கன்னம்போல் சுருங்கின.

சனிக்கிழமை வந்த ஷஹ்மா மரத்தைப் பார்த்துவிட்டு, "உம்மா, என்ன இது?" என்றாள்.

"எனக்கும் தெரியா புள்ள."

"வெட்டிட்டு வேற கண்டு வெய்ங்க. எங்கட பக்கம் நர்சரியில ஒட்டுக்கண்டு ஈக்கி. ரெண்டு வருஷத்துல காய்க்கும்."

"ரெண்டு வருஷம் ஒங்கட வாப்பா பசியோட ஈப்பாரா?"

ஷஹ்மா பேச்சை விட்டுவிட்டு, வரும்போது கடையில் வாங்கி வந்த தேசிக்காய்ச் சாற்றுப் போத்தலை மேசையில் வைத்தாள். மத்தியானம் அதைச் சோற்றில் விட்டுக் கொடுத்தார்கள். மஹ்ரூப் முகர்ந்து பார்த்தார்.

"ஷஹ்மா, இது பீங்கான் கழுவுற சாமானில்லையா?"

"வாப்பா! நல்ல கம்பெனி சாமான் அது."

"கம்பெனி நல்லது. பீங்கானும் நல்லா வெளுக்கும்."

அதற்கு மேல் ஒரு பிடியும் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பேச்சியம்மா வந்தாள். செவ்வாய்க்குச் செவ்வாய் அம்மனுக்கு விளக்கேற்ற இரண்டு பழம் வாங்கிப் போவது அவளுடைய வழக்கம். படியில் நின்றவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னாக்கா, மொட்டையடிச்ச மாதிரி நிக்குது? வெளக்குக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் கேக்கலாம்னு வந்தேன்."

"கேளு. குடுக்கத்தான் ஒண்டுமில்ல."

"கண்ணு பட்டுருச்சுக்கா. கல்யாண வீட்டுக்காரனுங்க எல்லாம் வந்து வந்து பாத்துட்டுப் போனா என்னாகும்? எதாச்சும் சுத்திப் போடணும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "எங்க வூட்டுல கண்ணுன்னா எலுமிச்சம்பழத்தத்தான் சுத்தி அறுத்துப் போடுவோம். எலுமிச்ச மரத்துக்கே கண்ணு பட்டா எதச் சுத்துறதுன்னுதான் தெரியல."

அலுப்பையும் மீறி றலியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து, விழுந்த இலைகளைக் கையால் ஒதுக்கினாள். அடிமண்ணில் சுண்ணாம்பு தூவியதுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தது. மரத்தைச் சுற்றி ஒரு வளையம். அவள் சாடியைச் சாய்த்தபடி சுற்றி வந்த அதே வளையம்.

றலியா விரலால் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"என்னாக்கா?"

"உப்பு" என்றாள் றலியா. "நான்தான், பேச்சி. நானே கொண்டுவந்து ஊத்தினேன். சாடி சாடியா."

பின்கதவோரம் கதிரையில் உட்கார்ந்திருந்த மஹ்ரூபுக்கு எல்லாம் கேட்டது. "உப்பெல்லாம் தூக்கிப் போட்டேன்டுதானே சென்ன?" என்றார்.

"போட்டேன்தான்."

"எங்க?"

"இங்க."

மஹ்ரூபின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்து அவள் ஓடிப் போனாள். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. "யா அல்லாஹ், எனக்கு ஆகாதுன்டு டாக்டர் சென்னத்த எல்லாம் கொண்டுபெய்த்து மரத்துக்குக் குடுத்தீக்கா. பாவம், அதுக்கொரு டாக்டர் இல்லையே செல்லுறதுக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். றலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. அடுத்த வேலை என்ன என்றுதான் ஓடியது.

கறியில் உப்புக் கூடினால் தண்ணீர் விடுகிறோம். மண்ணுக்கும் அதைத்தானே செய்ய வேண்டும்? ஷஹ்மா தொலைபேசியில் தேடிப் பார்த்து அதையே சொன்னாள்: மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கிப் போகும்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். றலியா மண்வெட்டியால் வெள்ளை மண்ணைச் சுரண்டி அள்ளினாள். குழாய்த் தண்ணீர் வருகிற நேரத்தில் பீப்பாயை நிரப்பி, வாளி வாளியாகச் சுமந்தாள். முன்பக்கம் குழாய், பின்பக்கம் மரம், நடுவில் படிகள். ஒரு வாளியை இடது கையால்தான் தூக்க முடியும். ஊற்றுகிற தண்ணீரை அந்தக் காய்ந்த மண் ஒரு மடக்கில் குடித்துவிட்டு, இன்னும் கேட்கிற மாதிரிப் பார்க்கும்.

அந்த வாரத்தில்தான் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு மஹ்ரூபை மெஷினில் போடத் தொடங்கினார்கள். கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் இருளப்பனின் த்ரீவீலரில் கண்டிக்குப் போய், அவர் உள்ளே படுத்திருக்க, அவள் நடையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம். ஒருத்தி தூங்கி விழுந்தால் அடுத்தவள் தோள் கொடுப்பாள்; பெயர் கேட்க மாட்டாள். வீட்டுக்கு வரும்போது புதுச் சட்டம் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். இனித் தண்ணீரும் அளந்துதான். சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீர் எல்லாம் அங்கேயே தங்கிவிடுமாம். டீ, கஞ்சி, மருந்து விழுங்குகிற மடக்கு, எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் போத்தல் அளவு. அவ்வளவுதான் ஒரு நாளைக்கு.

மறுநாள் காலை அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் தாண்டியபோது அவர் கதிரையில் இருந்தார். தண்ணீர் மண்ணில் விழுகிற சத்தம் நன்றாகக் கேட்கிற இடம். உதடு வெடித்திருந்தது.

"எனக்கு மூடியால அளந்து தாற" என்றார். "அதுக்கு வாளி வாளியா."

"அதுக்கு உப்பு ஏறி ஈக்கி."

"எனக்கும் அதுதானே ஏறி ஈக்கி?"

"நீங்க மெஷினுக்குப் போற. அது போகேலாதே."

 அவள் அடுத்த வாளியோடு வந்தபோது, அவர் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தார், எட்டவில்லை. "கெஞ்சிக் கேக்கிறன் றலியா. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கொண்டு ஈக்க ஏலா" என்றார். வேன் ஓட்டிய காலத்தில் பொலீஸ்காரனிடம்கூடக் கெஞ்சாத மனுஷன்.

அதற்குப் பிறகு அவள் சுபஹ் தொழுததும், அவர் எழும்புவதற்கு முன், வெளிச்சம் வருகிற நேரத்தில் ஊற்றினாள். வாளியின் விளிம்பை மரத்தின் தண்டோடு சாய்த்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தால் தண்ணீர் பட்டையில் வழிந்து மண்ணுக்குப் போகும், சத்தம் வராது. முள் கையைக் கிழிக்கும். ஒவ்வொரு வாளிக்கும் அந்த நேரம் குனிந்தே நிற்க வேண்டும். தோள் கழன்று விழுவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் அவளுக்கு மரத்தின் மேல் பாசமும் இல்லை, மனுஷன் மேல் இரக்கமும் இல்லை. இந்த வாளி முடிந்தால் அடுத்த வாளி, அது முடிந்தால் ரொட்டி சுட வேண்டும், அவ்வளவுதான்.

சுருங்கிய காய்களை எல்லாம் பறித்து வைத்திருந்தாள். முதலில் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு காய் என்று பிழிந்தாள், பிறகு பாதி, பிறகு கால். கடைசியில் பிழிந்த தோலைப் பீங்கானில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அதன்மேல் சோற்றைப் போட்டாள். வத்தேகம சந்தையில் கிடைத்தவை கோலிக்குண்டு மாதிரியான போளை உருண்டைகள். அழுத்திப் பிழிந்தால் சாறைவிடக் கசப்புத்தான் வந்தது. கொரக்காப் புளி போட்டுப் பார்த்தாள், மாங்காய் துருவிப் பார்த்தாள். பீங்கான் மேசையின் மறு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் நிறை பார்த்த மிஸ் முகத்தைச் சுருக்கினாள். "உம்மா, இப்பிடிப் போனா மெஷினே இவரப் போட்டு அடிச்சுப்போடும். என்ன சரி, எதயாவது குடுத்துத் தின்ன வெய்ங்க." என்ன சரி என்றால் என்ன? றலியா தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் கத்தினாள். "தின்னாட்டி செத்துப்போவீங்க. சாவுறதுன்டா நேரா செல்லுங்க, நான் கொஞ்சம் படுக்கிறன்." சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  "தின்ன மனசிருந்தா தின்னமாட்டேனா? தொண்டையில ஏதோ நிக்கிற மாதிரி ஈக்கி. சோத்தப் பாத்தாலே ஓங்காளிச்சுக்கொண்டு வருது. நீ என்ன செய்வாய்?" என்றார் மஹ்ரூப். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குக் கோபம் மிஞ்சியிருக்கும். இப்போது அதுவும் இல்லை.

பங்குனி முடிகிற சமயம் மரத்தின் தெற்குப் பக்கம் முழுவதும் காய்ந்துவிட்டது. கிளையை ஒடித்தால் பட்டென்று முறிந்தது. வடக்குப் பக்கத்தில், கூரைத் தண்ணீர் விழுகிற ஓரமாக இரண்டு கிளை மட்டும் வளைந்தது, முறியவில்லை. அது பிழைக்கும் அடையாளமா, சாவதில் பிந்துகிற அடையாளமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிழைத்தாலும் இந்த வருடம் காய் இல்லை. அப்படியிருந்தும் விடிகிற நேரத்தில் வாளியோடு போனாள். நிறுத்துவதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். முடிவு எடுக்கிற தெம்பைவிட வாளி தூக்குகிற தெம்பு மலிவாக இருந்தது.

அப்படி ஒரு புதன்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாள். இருளப்பன் மஹ்ரூபைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் விட்டுவிட்டு, "அக்கா, நீங்களும் கொஞ்சம் சாயிங்க. மொகம் வெளிறிப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுப்பில் காலையில் ஆக்கியது இருந்தது: அவருக்கு ஒரு சட்டி உப்பில்லாத பருப்பு, அவளுக்கு ஒரு சின்னச் சட்டி உப்புப் போட்ட கருவாடு, ஒரு பானைச் சோறு. தான் தின்னலாமா, அவருக்குப் போட்டுக் கெஞ்சலாமா என்று நினைத்தாள். இரண்டுக்கும் நிற்க வேண்டும். குசினித் தரையில் பாயை விரித்து, முதுகை மட்டும் நிமிர்த்துவோம் என்று படுத்தாள்.

சட்டி மூடி கிணுங்கிய சத்தத்தில் கண் திறந்தது. அசர் நேரத்து மாலை வெயில் சுவரில் ஏறியிருந்தது. அடுப்புப் பக்கம் அவருடைய கால்கள் தெரிந்தன. கணுக்கால் வீங்கி, கட்டியிருந்த சாரம் தொடையோடு ஒட்டி நின்றது. கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம். கருவாட்டுச் சட்டி, என்று நினைத்தாள். உப்புக்காகத்தான் எழும்பி வந்திருக்கிறார். ஓடிப் போய்ப் பறிக்க வேண்டும். உடம்பு அசையவில்லை. தின்னட்டும், என்று ஒரு மனம் சொன்னது. ஒரு நாள் தின்றுவிட்டுப் போகட்டும். நான் எவ்வளவுதான் காவல் காப்பேன்?

அப்படி நினைத்ததே பயமாகிப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

மஹ்ரூப் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றே தின்றுகொண்டிருந்தார். பீங்கான்கூட எடுக்கவில்லை. சோற்றுப் பானைக்குள் பருப்பைக் கவிழ்த்துப் பிசைந்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கருவாட்டுச் சட்டியின் மூடி மூடியபடியே இருந்தது. தேசிக்காய் இல்லை, மாங்காய் இல்லை, ஒன்றுமில்லை. ஆறிய சோறு. ஆறிய பருப்பு.

"என்ன செய்றீங்க?"

அவர் திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளையைப் போல் ஒரு கணம் நின்றார். வாய் நிறைய இருந்தது. மென்று விழுங்கினார்.

"பசிக்கிது" என்றார். அவருக்கே அது புதினமாக இருந்தது போலும், திரும்பவும் சொன்னார். "மெய்யாப் பசிக்கிது புள்ள. எழும்பக்கொள்ளயே கொடல் கூப்பிட்டுது. ஒன்ன எழுப்புவமான்டு பாத்தேன். வாயத் தொறந்துகொண்டு தூங்கின."

"ருசி ஈக்கா?"

"உப்பில்ல. வைக்கோல் மாதிரி ஈக்கி" என்றுவிட்டு அடுத்த பிடியை உருட்டினார். "ஆனா தொண்டையில நின்ட சாமான் இல்ல. இறங்குது."

மெஷின் கழுவக் கழுவ ரத்தத்தில் நின்ற அழுக்கு குறையும், குறைந்தால் பசி தானாக வரும் என்று முன்பொரு நாள் அந்த மிஸ் சொன்னது றலியாவின் காதில் விழுந்திருந்தது, மனதில் விழவில்லை. இத்தனை நாளும் நாக்கை ஏமாற்ற அவள் ஓடிய ஓட்டம். நாக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் ரத்தத்தில் இருந்திருக்கிறது. அதை நினைத்து அழலாமா சிரிக்கலாமா என்று யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. வெளியே பாதி பச்சையும் பாதி விறகுமாக மரம் நின்றது. இனி அதன் பாட்டுக்கு அது பிழைக்கட்டும், பிழைக்காமல் போகட்டும். அதைக் கேட்டுக் காத்திருக்கிற பீங்கான் இந்த வீட்டில் இல்லை. கால் கீழ் மண் லேசாகியதுபோல் ஒரு நிமிடம் இருந்தது. மறு நிமிடம் முழங்கால் வலித்தது.

பானையின் அடியை விரலால் வழித்துவிட்டு அவர் எட்டிப் பார்த்தார். "ஒனக்கு ஈக்கா?"

"எல்லாத்தையும் நீங்க தின்டுட்டு ஈக்கான்டா?"

"தெரியாமத் தின்டுட்டேன்."

"பரவால்ல. நான் ஆக்கிக்கொள்றன்."

கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். அவர் மெல்ல உட்கார்ந்தார். றலியா பானையைக் கழுவி, அரிசிப் பேணியை எடுத்தாள். தனக்கு என்று ஒரு பேணி அளந்து போட்டாள். வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பினாள்.

"றலியா."

"என்ன?"

"இன்னொரு பேணி போடு" என்றார் மஹ்ரூப். "ராவைக்கும் பசிச்சாலும் பசிக்கும்."

அவள் போட்டாள்.